பழுதறியும் கலை: கிளம்பாத அம்பாசடரை முன்வைத்து

பழைய காரைப் பழுதுபார்ப்பதில் இரு வேறு திறன்கள் அடங்கியிருக்கின்றன. கெட்டுப்போன உறுப்பைக் கழற்றி மாற்றுவது ஒன்று. கெட்டது எந்த உறுப்பு என்று கண்டறிவது மற்றொன்று. முதலாவதைக் கைப்பழக்கத்தால் அடைந்துவிடலாம். இரண்டாவதோ செவியும் கண்ணும் மூக்கும் நினைவும் தர்க்கமும் ஒருங்கே தொழிற்படும் கலை. ஆனால் அது நிகழும்போது வெளியே தெரியும்படியான அசைவு அதிகம் இல்லாததால், அருகில் நிற்பவர்கள்கூட அதைக் கவனிக்காமல், கழற்றி மாட்டும் வேலையையே வித்தையென்று எண்ணிப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். கிளம்ப மறுக்கும் ஒரு காரின் முன் தேர்ந்த மெக்கானிக் நிற்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது, அதை எப்படிப் பார்த்து ரசிப்பது என்பதே இங்கு பொருள்.

இந்தக் கலையை ரசிக்க அம்பாசடரைவிடப் பொருத்தமான கார் இந்திய மண்ணில் வேறில்லை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடியொற்றி, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் உருவாக்கத் தொடங்கிய இந்தக் கார், 2014 மே மாதம் வரை அதே ஆலையிலிருந்து வெளிவந்தது. அதன் நீண்ட வாழ்நாளின் பெரும்பகுதியில் பானெட்டுக்குள் இருந்தது, பி.எம்.சி. நிறுவனத்தின் ‘பி’ வரிசையைச் சேர்ந்த 1489 சி.சி. நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். கணினி இல்லாத, உணர்கருவிகள் இல்லாத, கைநுழையத் தாராளமாக இடமுள்ள அந்த எஞ்சினில் ஒவ்வொரு உறுப்பும் கண்ணுக்குத் தெரியும்படி அமர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் செய்யும் வேலையைத் தனித்தனியே சோதிக்கவும் முடிகிறது. அது எதையும் ஒளிப்பதில்லை. ஆகவே பழுது பிடிபடாமல் போனால், குறை எஞ்சினிடம் இல்லை, கேள்வி கேட்டவரிடம் இருக்கிறது என்றாகிவிடுகிறது. கலைஞரின் தரத்தை இவ்வளவு நேர்மையாக அளந்து காட்டும் களம் அரிது.

பெட்ரோல் எஞ்சின் கிளம்புவதற்கு வேண்டியவை சில மட்டுமே. எஞ்சின் போதிய வேகத்தில் சுழற்றப்பட வேண்டும். காற்றும் பெட்ரோலும் தக்க விகிதத்தில் கலந்து சிலிண்டருக்குள் வர வேண்டும். அந்தக் கலவை உள்ளே நன்றாக அழுத்தப்பட வேண்டும். அழுத்தத்தின் உச்சியை நெருங்கும் தருணத்தில் பிளக்கில் பொறி பறக்க வேண்டும். இவற்றுள் எது தவறினாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: வண்டி கிளம்பவில்லை. அறிகுறி ஒன்றாகவும் காரணங்கள் பலவாகவும் இருக்கும் இந்த நிலையில், அனுபவமற்றவர் தமக்கு நன்கு தெரிந்த உறுப்பிலிருந்து தொடங்குகிறார்; காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைப் பிரிக்கத் தெரிந்தவருக்கு எல்லாப் பழுதும் கார்புரேட்டரிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. தேர்ந்தவரோ ‘இதுவாக இருக்குமோ’ என்று ஊகிப்பதை விடுத்து, ஆம் என்றாலும் இல்லை என்றாலும் பாதி எஞ்சினைச் சந்தேகத்திலிருந்து விடுவிக்கக்கூடிய கேள்வி எது என்று யோசிக்கிறார். இந்தக் கலையின் அழகெல்லாம் அந்தக் கேள்விகளின் வரிசையில்தான் இருக்கிறது.

முதல் கேள்வியைச் செவி கேட்கிறது. சாவியைத் திருப்பியதும் எழும் ஒலியில், அதாவது வழக்கில் ‘செல்ஃப்’ எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் ஒலியில், பழுதின் பாதிக் கதை அடங்கியிருக்கிறது. ஒலியே இல்லையென்றால் மின்சாரம் செல்ஃபை எட்டவில்லை. ‘டக்’ என்ற ஒற்றை ஒலி மட்டும் எழுந்தால், பெரும் மின்னோட்டத்தை இணைத்துவிடும் சுவிட்சாகிய சோலினாய்டு தன் வேலையைச் செய்ய முயன்றும் அதற்கப்பால் தடை இருக்கிறது. எஞ்சின் முக்கி முனகிச் சுழன்றால் பாட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது இணைப்புகள் பூத்துப் போயிருக்கின்றன. செல்ஃப் மட்டும் ‘கிர்ர்’ என்று தனியாகச் சுற்றினால் அதன் சிறு பற்சக்கரம் பிளைவீலின் பற்களோடு சேரவில்லை. இந்தக் கட்டத்தில் ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு செல்ஃபை இயக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். வெளிச்சம் சிறிதும் குறையாவிட்டால் மின்னோட்டம் செல்ஃபுக்குள் போகவே இல்லை என்றும், மிகவும் மங்கினால் பாட்டரி வலுவிழந்தோ செல்ஃப் சிக்கிக்கொண்டோ இருக்கிறதென்றும், அடியோடு அணைந்துவிட்டால் பாட்டரி முனைகளில் பிடிப்பு இல்லை என்றும் அந்த ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. கருவி ஒன்றும் வாங்காமல், காரில் ஏற்கெனவே உள்ள விளக்கையே அளவுகோலாக்கிக்கொள்ளும் இந்தச் சிக்கனம் ரசிக்கத்தக்கது.

இதே கட்டத்துக்குரிய இன்னொரு நுட்பம், இத்துறையில் ஊறியவர்களுக்கே பிடிபடுவது. எஞ்சின் ரப்பர் தாங்கிகளின்மேல் அமர்ந்திருப்பதால், செல்ஃப் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டம் பாட்டரிக்குத் திரும்ப, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் ஒரு தடித்த எர்த் பட்டை வேண்டும். அந்தப் பட்டை துருவேறி அறுந்துவிட்டால், மின்னோட்டம் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போக வேறு உலோகப் பாதையைத் தேடி, குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் கம்பியின் வழியாகவோ ஆக்ஸிலேட்டர் கம்பியின் வழியாகவோ பாயத் தொடங்குகிறது. மெல்லிய கம்பிக்கு அந்தச் சுமை தாங்காமல் அது சூடாகிறது. பாட்டரியையும் செல்ஃபையும் மாற்றியும் தீராத ஒரு நோயை, சோக் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்து அதன் சூட்டைக்கொண்டு அறிந்துவிடும் மெக்கானிக்கின் செயல் வெளிப்பார்வைக்கு மந்திரம் போலிருக்கும். உண்மையில் மின்னோட்டம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்ற அடிப்படை விதியை அவர் ஒரு கணமும் மறக்கவில்லை என்பதே அதன் பின்னுள்ள செய்தி.

எஞ்சின் நல்ல வேகத்தில் சுழன்றும் பற்றவில்லை என்றால், அடுத்த கேள்வி பொறியைப் பற்றியது. பெட்ரோலுக்கு முன் பொறியைச் சோதிப்பதற்குக் காரணங்கள் இரண்டு. பொறியைச் சில நொடிகளில் பார்த்துவிடலாம் என்பது ஒன்று. பெட்ரோல் குழாயைக் கழற்றிவிட்டால் அங்கே ஆவி சூழ்ந்துவிடும், அதன்பின் பொறி வைத்துப் பார்ப்பது தீயை அழைப்பதாகும் என்பது மற்றொன்று. வரிசை என்பது தர்க்கத்தின் தேவையாக மட்டுமன்றி உயிர்க்காப்பாகவும் இருக்கிறது.

அம்பாசடரில் உள்ள பற்றவைப்பு முறை, அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கி 1910ஆம் ஆண்டுக் கேடிலாக் கார்களில் இடம்பெற்ற முறையின் வழிவந்தது. காயில் என்ற உருளைக்குள் ஓர் இரும்புத் தண்டின்மேல் இருவகைச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கின்றன. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் முதல் சுருளில் ஓடிக் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்த ஓட்டத்தை ஒரு கணத்தில் துண்டித்தால் காந்தப்புலம் சரிந்து, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுருளில் 15,000 வோல்ட்டையும் தாண்டக்கூடிய மின்னழுத்தம் எழுகிறது. துண்டிக்கும் வேலையைச் செய்பவை ‘பாயிண்ட்’ எனப்படும் இரு சிறு உலோக முனைகள். அவை பிரியும்போது இடையில் தீப்பொறி தாவி ஆற்றல் வீணாகாமல் தடுப்பது கண்டன்சர். பிறந்த மின்னழுத்தத்தை 1-3-4-2 என்ற வரிசையில் உரிய சிலிண்டருக்கு அனுப்புவது டிஸ்டிரிபியூட்டர். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அவ்வளவு வேலைக்கும் அதற்குரிய இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் மட்டுமே. இந்திய வாகனங்களுக்கு இத்தகைய மின்சாதனங்களைச் செய்துதந்த லூகாஸ் டி.வி.எஸ். சென்னைப் பாடியில் 1961இல் தொடங்கப்பட்டது என்பதால், இந்த முறையின் இந்திய வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு.

இந்த நீண்ட பாதையில் பழுது எங்கே என்று தேடும்போது, தேர்ந்த கை அதன் நடுவில் போய் நிற்கிறது. காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டர் மூடியின் மையத்துக்குச் செல்லும் தடித்த வயரை உருவி, அதன் முனையை எஞ்சின் உலோகத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, இக்னிஷன் போட்ட நிலையில் மூடியிருக்கும் பாயிண்டை மரக்குச்சியால் விலக்கினால், நல்ல நிலையில் நீலநிறப் பொறி ‘சட்’டென்ற ஒலியோடு தாவும். அது தாவினால் பாட்டரி, காயில், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் ஒரே வீச்சில் குற்றமற்றவை ஆகின்றன. சந்தேகம் மூடி, அதற்குள் சுழலும் ரோட்டார், பிளக் வயர்கள், பிளக்குகள் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. தாவாவிட்டால் நேர்மாறு. பொறி மஞ்சளித்து மெலிந்திருந்தால், அத்துடன் பாயிண்ட் முனைகளும் கருகியிருந்தால், கண்டன்சரின்மேல் கண் செல்கிறது. பொறியின் நிறத்தையும் ஒலியையும் வேறுபடுத்தி உணர்வது ஏட்டால் வருவதன்று; நல்ல பொறியைப் பலமுறை பார்த்துப் பதிந்த கண்ணுக்கே நலிந்த பொறி நலிந்ததாகத் தெரியும்.

பொறி இல்லை என்று தெரிந்தபின் செய்யப்படும் சோதனை இன்னும் அழகானது. இரண்டு வயர்கள் இணைத்த சிறு 12 வோல்ட் பல்பு ஒன்றே அதற்குக் கருவி. காயிலிலிருந்து பாயிண்டுக்குச் செல்லும் முனையில் ஒரு வயரையும், எஞ்சின் உலோகத்தில் மற்றொன்றையும் வைத்து, இக்னிஷனைப் போட்டுவிட்டு, முன்பக்க பம்பரின் துளைவழியே ஹேண்டிலைச் செருகி எஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். பாயிண்ட் திறந்திருக்கும்போது மின்சாரம் பல்பின் வழியே போக நேர்வதால் அது எரியும். மூடும்போது மின்சாரத்துக்கு நேர்வழி கிடைத்துவிடுவதால் பல்பு அணையும். எரிந்தும் அணைந்தும் மாறி மாறி வந்தால் முதல் சுருளும் பாயிண்டும் தம் வேலையைச் செய்கின்றன. எரிந்தது அணையவே இல்லையென்றால் பாயிண்ட் முனைகள் மூடியும் ஒட்டவில்லை. நெடுநாள் நின்ற கார்களில் அம்முனைகளின்மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் அதற்குப் பெரும்பாலும் காரணமாக இருக்கும், உப்புத்தாளால் இலேசாக ஓரிரு முறை உரசிச் சுத்தமான தாளால் துடைத்தால் தீர்ந்துவிடும். பல்பு எரியவே இல்லையென்றால், காயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது முதல் சுருள் அறுந்துவிட்டது, அல்லது பாயிண்ட் பக்கம் எங்கோ நிரந்தரமாக எர்த் ஆகிறது. மூன்றில் எது என்பதைப் பல்பின் வயரைக் காயிலின் மறுமுனைக்கு மாற்றியும், பாயிண்ட் வயரைக் கழற்றிவிட்டும் பார்த்தால் சொல்லிவிடலாம். ஒரு சிறு பல்பு, ஒரு ஹேண்டில், ஒரு தடவை சுற்றுதல். இத்தனை குறைவான பொருளைக்கொண்டு இத்தனை நிச்சயமான விடைகளைப் பெறும் சோதனை எந்தத் தொழிலிலும் பெருமைக்குரியது.

பொறி இருக்கிறதென்றால் பெட்ரோலின் முறை வருகிறது. அதற்கும் கழற்றலில் போய் இறங்காமல், முதலில் ஒரு பிளக்கை மட்டும் எடுத்துப் பார்ப்பதே வழக்கம். சோக்கை இழுத்துச் சிலமுறை செல்ஃப் அடித்தபின் பிளக் முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை; நனைந்து மணந்தால் பெட்ரோல் தேவைக்கு மேலேயே வந்திருக்கிறது. காய்ந்த பிளக் தேடலை டாங்க், வடிகட்டி, பம்பு, கார்புரேட்டரின் மிதவை அறை என்ற வழியில் அனுப்புகிறது. நனைந்த பிளக்கோ சோக்கைத் தள்ளிவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தபடி எஞ்சினைச் சுழற்றி, மிகுதியான பெட்ரோலை வெளியேற்றச் சொல்கிறது.

அம்பாசடரோடு பெரிதும் தொடர்புபடுத்தப்படும் எஸ்.யு. கார்புரேட்டர் இந்தத் தேடலில் தன்னைத் தானே அறிவிக்கும் இயல்புடையது. அதன் குவிந்த மூடிக்குள், உறிஞ்சப்படும் காற்றின் அளவுக்கேற்ப ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும், அதன் அடியில் தொங்கி, பெட்ரோல் வரும் துளையை ஏறும்போது அகலமாக்கியும் இறங்கும்போது குறுக்கியும் ஆளும் கூர்முனை ஊசியும் இருக்கின்றன. மேலேயுள்ள டாம்பர் தண்டை எடுத்துவிட்டுப் பிஸ்டனை விரலால் உயர்த்தி விட்டால், அது தடையின்றி விழுந்து ‘ணங்’ என்று ஒலிக்க வேண்டும். அந்த ஒலி வந்தால் பிஸ்டன் நலம். மெதுவாக இறங்கினாலோ பாதியில் நின்றாலோ உள்ளே அழுக்கு, அல்லது ஊசி மையம் விலகியிருக்கிறது. ஓர் உறுப்பின் உடல்நலத்தை அது எழுப்பும் ஒலியாலேயே அறியலாம் என்ற வாய்ப்பை வடிவமைப்பிலேயே பெற்றிருப்பதால்தான் பழைய மெக்கானிக்குகள் எஸ்.யு.மீது தனிப்பிரியம் வைத்திருக்கிறார்கள்.

பொறி பறக்கும் தருணமாகிய டைமிங்கும் அழுத்தமும் இந்த வரிசையில் கடைசியில் வருகின்றன. நேற்றுவரை ஓடிய எஞ்சின் இரவோடிரவாக அழுத்தத்தை இழப்பது அரிது. டைமிங் மாறுவது பெரும்பாலும் யாரோ டிஸ்டிரிபியூட்டரில் கைவைத்த பிறகே நிகழ்வது. ஆகவே எஞ்சின் கார்புரேட்டர்வழியே எதிர்த்துச் சீறினால், எந்தக் கருவியையும் எடுப்பதற்கு முன், கடைசியாக இதில் வேலைபார்த்தது யார், என்ன செய்தார் என்று உரிமையாளரிடம் கேட்பதே முறை.

இதுவரை சொன்னவை எல்லாம் நிலையான பழுதுகள். எப்போது தேடினாலும் அதே இடத்தில் இருப்பவை. கலையின் உச்சத்தைக் காட்டுவது வந்து மறையும் பழுது. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய கார் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்புகிறது. இந்த ஒரே அறிகுறிக்குப் பின்னால் குறைந்தது மூன்று நோய்கள் இருக்கலாம். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, பம்பு திரவத்துக்குப் பதில் ஆவியை இழுத்து ஓய்ந்திருக்கலாம். சூடேறியதும் காயிலின் சுருளிலோ கண்டன்சரிலோ இணைப்பு விட்டுப்போய், ஆறியதும் மறுபடி சேர்ந்திருக்கலாம். டாங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டு, பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உருவாகி, அது பம்பின் இழுவையை மிஞ்சிவிட்டிருக்கலாம். மூன்றுமே காத்திருந்தால் தானாகத் தீரும். அதனாலேயே, வண்டி ஆறியபின் பட்டறைக்கு வந்து சேரும்போது தடயம் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.

எனவே இங்கே சோதனைக்குரிய நேரம் பழுது உயிரோடு இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான். அந்தச் சாலையோரத்திலேயே முதலில் டாங்க் மூடியைத் திறக்கிறார் தேர்ந்தவர். காற்று உள்ளே சீறிப் புகும் ஒலி கேட்டால் குற்றவாளி அகப்பட்டது. ஒலி இல்லையென்றால் உடனே பொறி. பொறி வலுவாக இருந்தால் பிறகே பெட்ரோல் பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி. ஈரத்துணி போட்டுச் சற்று நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் அந்தச் சிகிச்சையே நோயறிதலும் ஆகிறது. ஆனால் பம்பின்மேல் துணி போட்ட கையோடு காயிலின்மேலும் தண்ணீர் தெளித்துவிட்டால், கார் கிளம்பியிருக்கும், காரணம் தொலைந்திருக்கும். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது என்ற கட்டுப்பாடு இந்தக் கலையின் இலக்கணம். அவசரத்தில் அதை மீறாதிருப்பதில்தான் தேர்ச்சி தெரிகிறது. புதிய பிளக், புதிய காயில், புதிய கண்டன்சர் என மூன்றையும் ஒரே மூச்சில் மாற்றிக் காரைக் கிளப்பியவர் உரிமையாளரின் பணத்தைக்கொண்டு ஊகத்தை விலைக்கு வாங்கியவர். நல்ல உறுப்புகள் இரண்டை எறிந்ததோடு, மூன்றில் எது கெட்டது என்ற அறிவையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்.

வாடகைக் காராக நாள்தோறும் ஓடிய காலத்தில் அம்பாசடருக்கு வந்தவை தேய்மான நோய்கள்: பாயிண்டின் அடிப்பகுதி தேய்ந்து இடைவெளி குறைவது, அதனால் பொறி பிந்துவது, டைனமோ பிரஷ் கரைவது போன்றவை. இன்று அதைப் பீடிப்பவை ஓய்வின் நோய்கள். மோட்டார் வாகன விதிகளில் 2021இல் செய்யப்பட்ட திருத்தம், 50 ஆண்டுகளைக் கடந்து மூலவடிவம் மாறாத வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண் தந்து, கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டும் அவற்றைச் சாலையில் அனுமதிக்கிறது. அன்றாடம் ஓடாமல் நிற்கும் கார்களில் மிதவை அறை வறண்டு பிசின் படிகிறது, பாயிண்ட் முனைகள் பூக்கின்றன, பாட்டரி மெல்லச் சரிகிறது. பெட்ரோலோடு 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படும் இந்நாளில், அத்தகைய எரிபொருளை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர் குழாய்களும் பம்பின் டயாஃப்ரமும் இளகிக் கெடுகின்றன. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையதாதலால் நெடுநாள் நிற்கும் டாங்கில் நீர் சேரவும் வாய்ப்புண்டு. நோய்களின் பட்டியல் மாறியிருக்கிறது. ஆனால் கேள்விகளின் வரிசை மாறவில்லை. எந்தப் புதிய நோயும் அதே சுழற்சி, பொறி, பெட்ரோல், அழுத்தம் என்ற வழியில்தான் அகப்படுகிறது. உறுப்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்தவர் திகைக்கும் இடத்தில், வரிசையைக் கற்றவர் திகைப்பதில்லை.

ஆகவே இந்தக் கலையை மதிப்பிட விரும்புவோர், கார் எவ்வளவு விரைவில் கிளம்பியது என்பதைக்கொண்டு அளக்கலாகாது. பழுது பிடிபட்டபின் தேர்ந்த மெக்கானிக் செய்யும் ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். சந்தேகத்துக்குரிய கண்டன்சரை மாற்றி எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவர் அத்தோடு நிறுத்துவதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டுப் பழைய கண்டன்சரை மறுபடியும் மாட்டி, வண்டி மீண்டும் மறுக்கிறதா என்று பார்க்கிறார். மறுத்தால்தான் அவர் கூற்று நிறுவப்பட்டது. பழையதோடும் எஞ்சின் ஓடிவிட்டால், மாற்றும்போது எங்கோ ஒரு தளர்ந்த வயர் தற்செயலாக இறுகியிருக்கிறது என்று உணர்ந்து தேடலைத் தொடர்கிறார். ஓடுகிற வண்டியை வேண்டுமென்றே மீண்டும் ஓடாமலாக்கிப் பார்க்கும் இந்த நேர்மைக்குத் தனிக்கூலி இல்லை. காத்திருக்கும் உரிமையாளருக்கு அது வீண்வேலையாகவும் தோன்றலாம். ஆயினும் காரணம் தெரியாமல் கிளம்பிய கார், காரணம் தெரியாமலே அடுத்த மலைப்பாதையில் நிற்கும். அதை அறிந்து, அந்தக் கூடுதல் பத்து நிமிடத்தைத் தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்பவரே பழுதறியும் கலையில் ஆசான் என்று அழைக்கத் தகுந்தவர்.